லோட் செல் ரீடிங் தப்பாக வருகிறதா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

லோட் செல் என்பது தராசுக்கு அடியில் இருந்து சுமையை மின் சிக்னலாக மாற்றும் உலோகத் துண்டு. "லோட் செல் போய்விட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில் செல் நன்றாகத்தான் இருக்கும். பிளாட்ஃபார்முக்கு அடியில் சிக்கிய கல், தளர்ந்த போல்ட், ஜங்ஷன் பாக்ஸுக்குள் (செல் வயர்கள் வந்து சேரும் பெட்டி) இறங்கிய ஈரம், யாரோ முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போன வயர் இணைப்பு என்று காரணம் வெளியே இருக்கும். செல்லை மாற்றினால் இரண்டு நாள் சரியாக ஓடும், மூன்றாம் நாள் அதே பிரச்சினை திரும்ப வரும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செல்லை மாற்றுவதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் போங்கள்.

அதற்கு முன் ஒரு விஷயம். கிரேன், ஹாய்ஸ்ட், ஆள் ஏறும் மேடை போன்றவற்றில் சுமையைக் கண்காணிக்கும் செல் என்றால் இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு கை வைக்காதீர்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதற்குரிய ஆளைக் கூப்பிடுங்கள். முத்திரை போட்ட வியாபாரத் தராசும் அப்படித்தான். முத்திரையை உடைத்தால் மறுபடி சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டிவரும், அதனால் வெளியே தெரியும் அழுக்கையும் போல்ட்டையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## முதலில் இந்த ஒரு சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு மேலே போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

மின்சாரத்தை நிறுத்துங்கள். செல்லின் வயர்களை இண்டிகேட்டரிலிருந்து (எடையைக் காட்டும் பெட்டி) கழற்றுங்கள். நான்கு வயர் செல்லில் இரண்டு வயர் மின்சாரம் கொடுப்பவை (எக்சைட்டேஷன்), இரண்டு வயர் ரீடிங்கைக் கொண்டுவருபவை (சிக்னல்). சிவப்பு, கருப்பு எக்சைட்டேஷனாகவும் பச்சை, வெள்ளை சிக்னலாகவும் பல செல்களில் இருக்கும். ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் நிறம் மாறும். செல்லோடு வந்த தாளையோ செல்லில் ஒட்டிய லேபிளையோதான் நம்ப வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மீட்டரே சொல்லிவிடும்.

நான்கு வயர்களில் ஆறு ஜோடிகள் உண்டு. ஆறையும் அளந்து எழுதுங்கள். சாதாரண 350 ஓம் செல்லில் இப்படி வரும்:

- சிக்னல் இரண்டுக்கும் நடுவே: 350 ஓம், ஓரிரண்டு ஓம் முன்பின்.
- எக்சைட்டேஷன் இரண்டுக்கும் நடுவே: 350-க்கு மேல், பெரும்பாலும் 380 முதல் 420 ஓம் வரை.
- மீதி நான்கு ஜோடிகள்: 260 முதல் 300 ஓம் வரை.

அந்த நான்கு ஜோடிகள்தான் முக்கியம். எக்சைட்டேஷன் பிளஸிலிருந்து இரண்டு சிக்னல் வயர்களுக்கும் ஒரே அளவு வர வேண்டும். மைனஸிலிருந்தும் அப்படியே. ஒரு பக்கம் 280, மறுபக்கம் 283 என்று வந்தாலே சந்தேகப்படலாம். ஒரு ஜோடியில் 1000-ஐத் தாண்டி வந்து, சிக்னல் ஜோடியும் 700-ஐ ஒட்டி வந்தால் உள்ளே இருக்கும் நான்கு கேஜ்களில் (உலோகம் வளைந்தால் ஓம் மாறும் மெல்லிய பட்டைகள்) ஒன்று அறுந்துவிட்டது. செல்லை மாற்ற வேண்டியதுதான், வேறு வழி இல்லை. ஒரு வயர் மட்டும் எதனுடனும் தொடர்பே காட்டவில்லை என்றால் கேபிளுக்குள் அந்த வயர் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கேபிள் செல்லுக்குள் நுழையும் இடத்திலோ, கதவு, சக்கரம் ஏறி இறங்கும் இடத்திலோ இருக்கும். மீட்டரைப் பிடித்தபடி கேபிளைச் சாண் சாணாக வளைத்துக்கொண்டே போனால் எண் துள்ளும் இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, நான்கு வயர்களையும் சேர்த்து முறுக்கி, அதற்கும் செல்லின் உலோக உடம்புக்கும் நடுவே அளங்கள். நல்ல செல்லில் இது ஆயிரக்கணக்கான மெகாஓம், சாதாரண மல்டிமீட்டருக்கு எட்டவே எட்டாது. மல்டிமீட்டர் ஏதாவது ஓர் எண்ணைக் காட்டினாலே உள்ளே ஈரம் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இன்சுலேஷன் டெஸ்டர் வைத்திருந்தால் 50 வோல்ட்டில் மட்டும் சோதியுங்கள். மோட்டாருக்குப் பயன்படுத்தும் 500 வோல்ட்டை இதில் கொடுத்தால் நன்றாக இருந்த செல்லும் போய்விடும்.

## ரீடிங் உச்சத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அல்லது அசையவே இல்லை

உச்ச எண்ணிலோ பிழைச் செய்தியிலோ நிற்கிறது. சிக்னல் வயர் ஒன்று விட்டுப்போயிருக்கும். டெர்மினலில் வயரை மெல்ல இழுத்துப் பாருங்கள், ஸ்குரூ இறுகியிருந்தும் இன்சுலேஷன் மேலேயே கடித்திருப்பது அடிக்கடி நடக்கும்.

எச்எக்ஸ்711 போர்டு (செல்லின் சிக்னலை எண்ணாக மாற்றும் சிறிய சர்க்யூட்) வைத்திருப்பவர்களுக்கு: 8388607 அல்லது -8388608 என்றே வந்துகொண்டிருந்தால் உள்ளீடு எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். 5 வோல்ட்டில், 128 மடங்குப் பெருக்கத்தில் அதன் எல்லை ±20 மில்லிவோல்ட். எக்சைட்டேஷனின் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 2 மில்லிவோல்ட் தரும் செல் முழுச் சுமையிலும் 10 மில்லிவோல்ட்தான் தரும். ஆக, சுமையால் அந்த எல்லையைத் தொட வாய்ப்பில்லை, வயர்தான். எப்போதும் 0 அல்லது -1 என்று வந்தால் செல்லைப் பார்க்காதீர்கள், டேட்டா, கிளாக் வயர்களைப் பாருங்கள்.

பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது, எவ்வளவு சுமை வைத்தாலும் அசையவில்லை. எக்சைட்டேஷன் வரவில்லை. செல் இணைந்திருக்கும்போதே அந்த இரண்டு வயருக்கும் நடுவே வோல்ட்டேஜ் அளங்கள். 5 அல்லது 10 வோல்ட், உங்கள் இண்டிகேட்டர் கொடுப்பது எதுவோ அது இருக்க வேண்டும். கழற்றினால் வருகிறது, இணைத்தால் விழுந்துவிடுகிறது என்றால் செல்லிலோ கேபிளிலோ ஷார்ட். ஆறு வயர் இண்டிகேட்டரில் நான்கு வயர் செல்லை மாட்டியிருந்தால் சென்ஸ் டெர்மினல் (செல்லுக்குப் போய்ச் சேரும் வோல்ட்டேஜை அளப்பது) இரண்டையும் எக்சைட்டேஷனோடு ஜம்பர் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். புதிதாக மாட்டிய இடங்களில் இதுதான் அதிகம்.

வோல்ட்டேஜ் சரி, ஆறு ஜோடி ஓம் சரி, இன்னும் அசையவில்லையா? சுமை செல்லுக்கே போகவில்லை. போக்குவரத்துக்காகப் போட்ட பூட்டுப் போல்ட்டை யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள்.

## சுமை வைத்தால் எண் குறைகிறது

செல்லில் அம்புக்குறி இருந்தால் அது சுமை செல்லும் திசையைப் பார்க்கிறதா என்று பாருங்கள். தலைகீழாக மாட்டியிருந்தால் திருப்பி மாட்டுங்கள். மாட்டியது சரியென்றால் சிக்னல் வயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள். அதோடு எக்சைட்டேஷனையும் சேர்த்து மாற்றினால் பழையபடியே வந்து நிற்கும்.

## பூஜ்யம் தானாக நகர்கிறது

இதுதான் ஆளைப் படுத்தும் அறிகுறி. எண் எவ்வளவு நகர்கிறது என்பதை விட எப்போது நகர்கிறது என்று பாருங்கள். ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒரு முறை பூஜ்யத்தைக் குறித்து வைத்தாலே காரணம் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

சுவிட்ச் போட்ட முதல் அரை மணி நேரம் மட்டும் நகர்கிறது. பழுதே இல்லை. மின்சாரம் பாயும்போது கேஜும் இண்டிகேட்டரும் சூடேறி நிலைப்பட 15 முதல் 30 நிமிடம் ஆகும். காத்திருந்து பூஜ்யம் செய்யுங்கள்.

காலையில், மழைக்குப் பின், கழுவிய பின் நகர்கிறது, மதியத்துக்குள் சரியாகிவிடுகிறது. ஈரம். முதலில் ஜங்ஷன் பாக்ஸைத் திறங்கள். மூடியின் ரப்பர் ஓரம் வெடித்திருக்கும், கேபிள் நுழையும் கிளாண்ட் தளர்ந்திருக்கும், பயன்படுத்தாத ஓட்டை அடைக்காமல் இருக்கும். டெர்மினலில் பச்சை படிந்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து முழுக்கக் காயவிட்டு மூடுங்கள். இவ்வளவு சிறிய படிவு என்ன செய்துவிடும் என்று தோன்றும். முழுச் சுமைக்கு 10 மில்லிவோல்ட், அதை 3000 பிரிவாகக் காட்டும் தராசு என்றால் ஒரு பிரிவுக்கு வெறும் 3.3 மைக்ரோவோல்ட்தான். அந்த அளவுக்கு ஒரு சொட்டு ஈரமே போதும்.

பாக்ஸ் காய்ந்திருந்தால் கேபிளின் மேல் உறையை விரல் வைத்துத் தடவிக்கொண்டே போங்கள். எலி கடித்த இடம், கூர்மையான விளிம்பில் உரசிய இடம் ஒன்று கிடைக்கும். அந்தச் சின்ன வெட்டு வழியாகத் தண்ணீர் வயர்களுக்கு நடுவே ஊர்ந்து மீட்டர் கணக்கில் பயணம் செய்து செல்லுக்குள்ளேயே போய்ச் சேரும். வெட்டு இங்கே இருக்கும், ஈரம் அங்கே இருக்கும். வெட்டுக்கு மேல் டேப் சுற்றுவது ஈரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டுவதுதான், ஒரு பயனும் இல்லை.

செல்லின் வயர்களுக்கும் உடம்புக்கும் நடுவே இன்சுலேஷன் விழுந்துவிட்டதென்றால் 50 முதல் 60 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து உலர்த்தினால் மீளலாம். ஆனால் தண்ணீர் புகுந்த வழி அப்படியே இருக்கிறது. புதுச் செல் வரும்வரை ஓட்டுவதற்கு இது சரி, அதற்கு மேல் நம்பாதீர்கள்.

வெயில் ஏறினால் நகர்கிறது. செல்லின் ஒரு பக்கம் மட்டும் வெயிலோ அடுப்பின் வெப்பமோ படுகிறதா என்று பாருங்கள். முழுச் செல்லும் ஒரே மாதிரி சூடேறினால் உள்ளே இருக்கும் ஈடுகட்டும் ஏற்பாடு சமாளித்துக்கொள்ளும். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் என்றால் அதனால் முடியாது. ஒரு தகட்டை மறைப்பாக வைத்தால் போதும். இன்னொரு காரணம்: நான்கு வயர் செல்லின் கேபிளைச் "நீளமாக இருக்கிறதே" என்று வெட்டியிருப்பார்கள். அந்த நீளத்தோடு சேர்த்துத்தான் தொழிற்சாலையில் வெப்ப ஈடு சரிசெய்யப்பட்டிருக்கும். மிச்சக் கேபிளைச் சுருட்டிக் கட்டுங்கள், வெட்டாதீர்கள்.

சுமை வைத்தபடியே இருக்கும்போது மெல்ல ஏறுகிறது. அரை மணி நேரத்தில் சுமையின் 0.03 சதவீதத்தை ஒட்டி நகர்வது சாதாரணம், 100 கிலோவுக்கு 30 கிராம். அதைவிடப் பல மடங்கு போனால் உள்ளே பசை விட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது அடித்தளமே இறங்குகிறது. இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

## சுமையை எடுத்தாலும் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை

இங்கே மல்டிமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு டார்ச் எடுங்கள். பத்துக்கு எட்டு முறை கண்ணுக்குத் தெரியும் காரணம்தான்.

பிளாட்ஃபார்மின் நான்கு ஓரமும் சட்டத்தோடு உரசாமல் இடைவெளி இருக்கிறதா? ஒரு தாளை விளிம்பு முழுக்க ஓட்டிப் பாருங்கள், சிக்கும் இடத்தில் உரசல். தொட்டி என்றால் அதோடு சேர்ந்த குழாய், ஹோஸ், ஏணி எல்லாம் சுமையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். சந்தேகப்படும் குழாயைக் கையால் மேலே தூக்கி விடுங்கள், ரீடிங் மாறி வேறு எண்ணில் நின்றால் அதுதான். கேபிளும் விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கக் கூடாது, தொய்வாகத் தொங்க வேண்டும்.

அப்புறம் போல்ட். செல்லைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்தால் ஒவ்வொரு சுமைக்கும் செல் ஒரு மயிரிழை நழுவி வேறு இடத்தில் உட்காரும். தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு விசைக்கு இறுக்குங்கள். செல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் ஸ்பேசர் தகடு காணாமல் போனாலும் இதேதான். செல்லின் வளையும் பகுதி அடித்தகட்டில் போய் இடிக்கும், குறிப்பாகப் பெரிய சுமையில்.

எல்லாம் சரியாக இருந்தால் செல் வளைந்திருக்கலாம். செல்லைக் கழற்றிச் சுமையே இல்லாமல் மேசை மேல் வையுங்கள். 10 வோல்ட் கொடுத்துச் சிக்னலை மில்லிவோல்ட்டில் அளங்கள். வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் செல்லின் முழு அளவு 20 மில்லிவோல்ட், அதில் புதுச் செல் ஒரு சதவீதத்துக்குள், அதாவது ±0.2 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். இன்சுலேஷன் நன்றாக இருந்தும் இது 2, 3 மில்லிவோல்ட் என்று வந்தால் ஏதோ அளவுக்கு மீறி விழுந்து உலோகம் நிரந்தரமாக வளைந்துவிட்டது. பல செல்கள் 150 சதவீதம் வரைதான் பாதிப்பில்லாமல் தாங்கும். மேலிருந்து போட்ட சாதாரண மூட்டைகூட ஒரு கணத்துக்கு அதைத் தாண்டிவிடும்.

இண்டிகேட்டரில் பூஜ்யத்தை நகர்த்திவிட்டு இதே செல்லை ஓட்டுகிறவர்கள் உண்டு. தோராயமாகத் தெரிந்தால் போதும் என்ற இடத்தில் ஓட்டிக்கொள்ளுங்கள். காசு கைமாறும் இடத்தில் வேண்டாம். செல்லை மாற்றும்போது அதிகச் சுமையைத் தடுக்கும் ஸ்டாப்பர் போல்ட்டின் இடைவெளியைச் சரிபார்க்கவில்லை என்றால் புதுச் செல்லும் அதே வழியில் போகும்.

## ரீடிங் துள்ளிக்கொண்டே இருக்கிறது

மின் இரைச்சலா, நிஜமான அதிர்வா என்று முதலில் பிரிக்க வேண்டும். அதற்கு 350 ஓம் ரெசிஸ்டர் நான்கை வாங்கி ஒரு சதுரமாகச் சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எதிர்முனை ஜோடி எக்சைட்டேஷன், மற்ற ஜோடி சிக்னல். இது ஒரு பொய்ச் செல். என் பையில் மல்டிமீட்டருக்கு அடுத்து இதுதான் இருக்கும்.

செல்லைக் கழற்றிவிட்டு இதை இண்டிகேட்டரிலேயே மாட்டுங்கள். இப்போதும் துள்ளினால் பிரச்சினை இண்டிகேட்டரில் அல்லது அதன் பவர் சப்ளையில். துள்ளல் நின்றால், பொய்ச் செல்லைக் கேபிளின் மறுமுனைக்கு, அதாவது செல் இருந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே துள்ளினால் கேபிள். அங்கேயும் அமைதி என்றால் செல், அல்லது உண்மையிலேயே மேடை அதிர்கிறது.

கேபிள் என்று தெரிந்தால் ஷீல்டைப் (வயர்களைச் சுற்றி இருக்கும் உலோக உறை) பாருங்கள். ஷீல்டு ஒரு முனையில் மட்டும், வழக்கமாக இண்டிகேட்டர் பக்கம், எர்த்தோடு சேர வேண்டும். இரண்டு முனையிலும் சேர்த்திருந்தால் ஷீல்டு வழியே மின்சாரம் சுற்றி வரும். அடுத்து, மோட்டார் கேபிளோடு, அதுவும் வேகக் கட்டுப்பாட்டு டிரைவிலிருந்து வரும் கேபிளோடு, ஒரே குழாயில் போகிறதா? பிரித்துப் போடுங்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். பக்கத்து மோட்டார்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். எச்எக்ஸ்711 என்றால் நொடிக்கு 80 முறை அளக்கும் நிலையிலிருந்து 10-க்கு மாற்றிப் பாருங்கள், 50, 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதில் வடிகட்டப்பட்டுவிடும்.

ஃபில்டரை ஏற்றி வைத்து எண்ணை நிற்கவைப்பது கடைசி வழி. முதலிலேயே அதைச் செய்தால் துள்ளல் மறையும், காரணம் மறையாது.

இதற்கு மேலும் துள்ளினால், குறிப்பாக டிரைவின் எர்த்திங்கைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நிலை வந்தால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## எல்லா எடையும் ஒரே விகிதத்தில் குறைவாகக் காட்டுகிறது

10 கிலோவில் 100 கிராம் குறைவு, 50 கிலோவில் 500 கிராம் குறைவு என்றால் பூஜ்யத்தில் பிழை இல்லை, விகிதத்தில் பிழை. யாராவது கேபிளை நீட்டினார்களா என்று கேளுங்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்குச் சுமார் 0.036 ஓம். 20 மீட்டர் நீட்டினால் போக, வர 40 மீட்டர், 1.4 ஓம். 400 ஓம் செல்லில் அதுவே ஏறக்குறைய 0.35 சதவீதம். 100 கிலோவுக்கு 350 கிராம் காணாமல் போகும். நீட்டிய பின் மறுபடி கேலிப்ரேஷன் (தெரிந்த எடை வைத்து எண்ணைச் சரிசெய்வது) செய்யலாம், ஆனால் வெயிலில் செம்பின் ஓம் மாறும். ஆறு வயர் கேபிள் போட்டு, சென்ஸ் வயர்களைச் செல்லின் முனையில் இணைப்பதே நிலையான தீர்வு.

கேபிள் மாறவில்லை என்றால் செல்லுக்கு வர வேண்டிய சுமையில் ஒரு பங்கு வேறெங்கோ இறங்குகிறது. மேலே சொன்ன உரசல் சோதனைக்கே திரும்புங்கள்.

சோதனை எடை கையில் இல்லையா? ஒரு எக்சைட்டேஷன் வயருக்கும் ஒரு சிக்னல் வயருக்கும் நடுவே 87.5 கிலோஓம் ரெசிஸ்டரை வைத்தால் 350 ஓம் செல்லில் சுமார் 1 மில்லிவோல்ட்/வோல்ட் மாற்றம் வரும், 2 மில்லிவோல்ட்/வோல்ட் செல்லுக்கு அது பாதிச் சுமை. தராசு நன்றாக ஓடும் நாளிலேயே அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் இன்றும் அதேதான் என்றால் மின்பக்கம் சரி, பிழை இயந்திரப் பக்கம்.

## ஒரே எடை மூலைக்கு மூலை வேறு காட்டுகிறது

நான்கு செல் பிளாட்ஃபார்மில் ஒரு மூலை மட்டும் குறைவு என்றால் அந்த மூலைச் செல்லின் வயர், ஜங்ஷன் பாக்ஸ் டெர்மினல் பாருங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டு சேர்ந்து குறைவு என்றால் பிளாட்ஃபார்ம் ஆடுகிறது, கால் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். பாக்ஸில் இருக்கும் டிரிம் பொட்டென்ஷியோமீட்டரை (ஒவ்வொரு செல்லின் பங்கையும் சரிசெய்யும் திருகு) இதெல்லாம் முடிந்த பிறகே தொட வேண்டும்.

வீட்டுத் தராசில் வரும் மூன்று வயர் செல் நான்கைச் சேர்ப்பவர்கள் ஒவ்வொன்றையும் தனியாக அளங்கள். மூன்று ஜோடியில் இரண்டு சுமார் 1 கிலோஓம், ஒன்று 2 கிலோஓம் வரும். இரண்டு 1 கிலோஓம் ஜோடிகளிலும் பொதுவாக இருக்கும் வயர்தான் நடு வயர். சில மூலைகள் கூட்டியும் சில மூலைகள் கழித்தும் காட்டினால் ஏதோ ஒரு செல்லின் வெளி வயர் இரண்டும் இடம் மாறியிருக்கிறது.

## நாமே ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ்

ஒரே சுமைக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண். பசை சரியாகப் பிடிக்கவில்லை. பென்சில் ரப்பரின் முனையால் கேஜின் மேல் மெல்ல அழுத்தி விடுங்கள். எண் கொஞ்சம் நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கே வர வேண்டும். வரவில்லை என்றால் அடியில் காற்றுக் குமிழி. சுரண்டி எடுத்துப் புதுக் கேஜ் ஒட்டுங்கள், மேலே பசை ஊற்றிச் சரிக்கட்ட முடியாது.

அறையில் வெப்பம் மாறினால் எண் ஓடுகிறது. ஒற்றைக் கேஜை இரண்டு வயரில் இணைத்திருப்பீர்கள். 120 ஓம் கேஜோடு 1 ஓம் செம்பு வயர் சேர்ந்திருந்தால் 10 டிகிரி மாற்றத்துக்கு 160 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு (ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்) மேல் பொய்யாகக் காட்டும். மூன்று வயர் இணைப்புக்கு மாறினால் இதில் கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும். இன்னும் ஓடினால் கேஜ் பாக்கெட்டில் உள்ள வெப்ப எண்ணை (எந்த உலோகத்தின் வெப்ப விரிவுக்கு ஏற்றது என்று சொல்வது) பாருங்கள். எஃகுக்கு 11-ஐ ஒட்டியும் அலுமினியத்துக்கு 23-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். அலுமினியப் பட்டையில் எஃகுக் கேஜ் ஒட்டியிருப்பது அபூர்வமில்லை.

எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் எதிர்க் குறியில். கேஜைக் குறுக்கே ஒட்டியிருக்கிறீர்கள்.

மெல்ல மெல்ல நகர்கிறது, திரும்பவே இல்லை. சால்டர் செய்தபோது விழுந்த ஃபிளக்ஸை ஆல்கஹாலால் கழுவுங்கள். கேஜுக்கும் உலோகத்துக்கும் நடுவே இன்சுலேஷனை அளங்கள். நன்றாக வந்தால் உடனே பாதுகாப்புப் பூச்சு போடுங்கள். ஈரத்தின் மேல் பூச்சு போட்டால் மேலே சொன்ன டேப் கதைதான்.

கேஜை ஒட்டியிருப்பது அழுத்தக் கலன், பாலம், சுழலும் தண்டு போன்றவற்றில் என்றால், அந்த எண்ணை வைத்து "தாங்கும், தாங்காது" என்று முடிவெடுப்பவர் அதற்குத் தகுதியான பொறியாளராக இருக்கட்டும். கேஜ் ஒட்டுவதையும் சான்றிதழ் உள்ளவரிடம் விடுங்கள்.